நாடாவும் நட்பும்: நமீபியாவில் முதல் வேட்டைப் பயணம்

'சஃபாரி' சுவாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அரபியில் 'சஃபர்' என்று இருந்தது கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை வணிகர்களின் வாயில் உருமாறி, அங்கிருந்து ஆங்கிலேயர் வழியாக உலகெங்கும் போயிற்று. வண்டலூரில் கம்பிவலை போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்து வருவதும் இன்று சஃபாரிதான், துப்பாக்கியோடு ஆப்பிரிக்காவில் இறங்குவதும் சஃபாரிதான். இரண்டாவது வகையை 'வேட்டை சஃபாரி' என்பார்கள். அதிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் தேடிப் போவது ஆபத்து வேட்டை. 'பெரிய ஐந்து' என்ற பெயரை வைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்து போய்ச் சுடும்போது திரும்பிப் பாயக்கூடியவை என்பதால் வந்த பெயர் அது, உடல் அளவால் வந்ததல்ல. இன்னொரு பிரிவு சமவெளி வேட்டை. கூடூ, கெம்ஸ்பொக், ஸ்பிரிங்பொக் என்ற மான்வகைகள், வரிக்குதிரை, காட்டுப்பன்றி போன்றவை இதில் அடங்கும். முதல்முறை போகும் நண்பர் குழு பெரும்பாலும் இந்த இரண்டாவது பிரிவில்தான் தொடங்குகிறது. செலவு குறைவு, உயிராபத்தும் குறைவு. தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் இதற்கென்றே பேர்போனவை.

இந்தத் தொழிலின் பழைய முகம் வேறு மாதிரி இருந்தது. அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசாவில் கப்பலிறங்கினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பது பயணத்தின் நோக்கம். இருநூறுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் தலைச்சுமையாகக் கொண்டுபோன சாமான்களில் தோல்களைப் பதப்படுத்த உப்பு மட்டும் நான்கு டன். தந்தையும் மகனும் ஐந்நூறுக்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டார்கள். பூச்சி, மீன், செடி வரை எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன.

நண்பர்களோடு வேட்டைக்குப் போவதில் உள்ள சிக்கலுக்கு எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயை விட நல்ல சாட்சி கிடையாது. 1933-ன் இறுதியில் அவர் தாங்கனிக்காவுக்குப் புறப்பட்டபோது மூன்று நண்பர்களை அழைத்தார். இருவர் நழுவிவிட்டார்கள். கீ வெஸ்ட் ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த சார்லஸ் தாம்ப்சன் மட்டும் உடன் வந்தார். வழிகாட்டியாக ஃபிலிப் பெர்சிவல் அமர்த்தப்பட்டார். பயணத்தின் நடுவில் சீதபேதியில் விழுந்த ஹெமிங்வேயை விமானத்தில் நைரோபிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. அதைவிட அவரை அதிகம் வாட்டியது வேறொன்று. தாம்ப்சன் சுட்டதெல்லாம் அவர் சுட்டதைவிடப் பெரியதாகவே அமைந்தது. நாட்கணக்கில் அலைந்து கடைசியில் இரண்டு கூடூக்களை வீழ்த்திக்கொண்டு பெருமிதத்தோடு முகாமுக்குத் திரும்பினால், அங்கே நண்பர் அதைவிடப் பெரிய கொம்புக்காரனைச் சுட்டு வைத்திருந்தார். 1935-ல் வெளிவந்த 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா' நூலில் தாம்ப்சனுக்குக் 'கார்ல்' என்று பெயர். நூலின் ஊடுசரடு வேட்டையா பொறாமையா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஹெமிங்வே காலத்து வேட்டைக்களங்கள் ஒவ்வொன்றாக மூடின. இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு, வெளிநாட்டாரை அழைத்துவந்து புலி காட்டிய ஷிகார் நிறுவனங்களின் கதை முடிந்தது. கென்யா 1977-ல் வேட்டையை அடியோடு தடை செய்தது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி, 2019-ல் திரும்பத் திறந்தது. தொழில் தெற்கே நகர, அதில் பெரும்பங்கை ஈர்த்துக்கொண்ட நாடுகளில் நமீபியா ஒன்று.

நமீபியாவின் பரப்பு எட்டேகால் லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ முப்பது லட்சம். சென்னையில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். வானம் பார்த்த வறண்ட பூமி. பயிர் வைக்க முடியாத இடமே மிகுதி. தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த காலத்தில், 1960-களின் பிற்பகுதியிலும் 1975-லும் வந்த ஆணைகள் பண்ணை உரிமையாளர்களுக்குத் தங்கள் நிலத்தில் திரியும் காட்டு விலங்குகள் மீது உரிமை கொடுத்தன. அதுவரை மாட்டின் புல்லைத் தின்னும் தொல்லையாக இருந்த கூடூ, அதன் பிறகு வருமானம் ஆயிற்று. இந்த உரிமை வெள்ளையர் பண்ணைகளுக்கு மட்டுமே இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. விடுதலைக்குப் பிறகு 1996-ல் திருத்தப்பட்ட சட்டம் பொது நிலங்களில் வாழும் சமூகங்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்தது. முதல் சமூகக் காப்பகங்கள் 1998-ல் பதிவாயின. இன்று அவை எண்பதுக்கு மேல். வேட்டைக்காரர் கட்டும் பணமும் விலங்கின் இறைச்சியும் அந்தச் சமூகங்களுக்குப் போகின்றன.

இதை எல்லோரும் ஏற்பதில்லை. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லஸ் சஃபாரி கிளப், நமீபியாவில் ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமையை மூன்றரை லட்சம் டாலருக்கு ஏலம் விட்டபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. இனப்பெருக்கம் முடிந்து, இளங்காளைகளைக் குத்திக் கொல்லும் கிழட்டுக் காளையைத்தான் சுடப் போகிறோம் என்று நமீபியத் தரப்பு விளக்கியது. அழிவின் விளிம்பில் உள்ள ஒன்றைக் காப்பாற்ற அதையே சுடுவதா என்று மறுதரப்பு கேட்டது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி 'சிசில்' என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் கொன்ற பிறகு சர்ச்சை உச்சத்துக்குப் போனது. பல விமான நிறுவனங்கள் பெரிய ஐந்தின் தலைகளையும் தோல்களையும் ஏற்ற மறுத்தன. தென்னாப்பிரிக்காவில் கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுடும் வழக்கத்தை வேட்டைக்காரர்களிலேயே பலர் வெட்கக்கேடாகக் கருதுகிறார்கள். அந்த வளர்ப்புத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசு 2021-ல் அறிவித்தது.

வேட்டையை ஆதரிப்பவர்கள் கென்யாவைக் காட்டுவார்கள். அங்கே தடை வந்த 1977 முதல் 2016 வரை மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அதே காலத்தில் கென்யாவின் மக்கள்தொகையும் ஆட்டு மந்தையும் வேலிகளும் பெருகின, கள்ளவேட்டையும் நடந்தது. பழியைத் தடையின் தலையில் மட்டும் போடுவது கணக்கு அல்ல. ஆளே இல்லாத நமீபியாவின் வெற்றியை ஆள் நெருக்கம் மிகுந்த நாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதும் அதே தவறுதான். சமவெளி வேட்டையைப் பொறுத்தவரை இந்தச் சண்டையின் சூடு குறைவு. கூடூவும் கெம்ஸ்பொக்கும் அங்கே ஏராளம். வேட்டைக்காரர் வராவிட்டாலும் இறைச்சிக்காகப் பண்ணைக்காரர் அவற்றைச் சுடவே செய்வார்.

நமீபியச் சட்டம் முதல்முறை வருபவருக்கு ஒருவகையில் பாதுகாப்பு. பருவம் பிப்ரவரி 1 தொடங்கி நவம்பர் 30 முடிய. வெளிநாட்டார் தனியாக வேட்டையாட முடியாது. பதிவு பெற்ற தொழில்முறை வேட்டைக்காரரோ வழிகாட்டியோ உடன் இருந்தே ஆக வேண்டும். களத்தில் அவரைப் 'பி.எச்.' என்றே கூப்பிடுகிறார்கள். ஒருவருக்கு ஓர் இனத்தில் இரண்டுக்கு மேல் அனுமதி இல்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம். கைத்துப்பாக்கிக்கு இடமே இல்லை. தோட்டாவின் வலுவையும் சட்டம் ஜூல் கணக்கில் நிர்ணயிக்கிறது: ஸ்பிரிங்பொக்குக்கு 1,350, கூடூ, கெம்ஸ்பொக், ஈலண்ட் வகைகளுக்கு 2,700, எருமைக்கும் யானைக்கும் 5,400. வலுவில்லாத தோட்டா விலங்கைக் கொல்லாமல் புண்ணாக்கி ஓடவிடும் என்பதே காரணம்.

நண்பர் குழு ஒன்று முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது துப்பாக்கியைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி. வேட்டைச் செலவு இரண்டு கூறாக வரும். தங்குமிடம், சாப்பாடு, வண்டி, பி.எச்., தடம் பார்ப்பவர் எல்லாம் சேர்ந்து நாள் கட்டணம். சுடும் ஒவ்வொரு விலங்குக்கும் தனியாக ஒரு விலை. ஸ்பிரிங்பொக் சில நூறு டாலர், நல்ல கூடூ ஆயிரத்தைத் தாண்டும், எருமையென்றால் மொத்தச் செலவு பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். வேட்டையாடாமல் கூட வருபவருக்குக் குறைந்த நாள் கட்டணம். விலைப்பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத்தான் எல்லோரும் படிக்காமல் விடுகிறார்கள்: ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால், விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழு விலை. விமானக் கட்டணம், பணியாளர்களுக்கான அன்பளிப்பு, தலையைப் பாடம் செய்யும் கூலி, அதை ஊருக்கு அனுப்பும் செலவு எதுவும் பட்டியலுக்குள் வராது.

புறநானூற்றில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. வன்பரணர் வியந்து பாடிய அந்தக் காட்சி நமீபியப் பண்ணையில் நடந்தால் ஐந்துக்கும் பில் வரும். மந்தையில் ஒன்றின் உடலைத் துளைத்த குண்டு பின்னால் நிற்பதைத் தைப்பது அபூர்வமல்ல. 'பின்னால் ஒன்றும் இல்லை' என்று பி.எச். சொன்ன பிறகே விசையைத் தொட வேண்டும் என்பது இங்கே பாலபாடம்.

அடுத்த பேச்சு முறையைப் பற்றியது. ஒரு பி.எச்.சுக்கு ஒரு வேட்டைக்காரர் என்பதை 'ஒன்றுக்கு ஒன்று' என்றும், இருவர் பகிர்ந்துகொள்வதை 'இரண்டுக்கு ஒன்று' என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் நாள் கட்டணம் குறையும். நண்பர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் ஒருநாளில் ஒரு நல்ல கூடூ கண்ணில் படுவதே பெரிய விஷயம். அது பட்ட நேரத்தில் யார் முறை என்பதைப் புதருக்குள் கிசுகிசுத்துத் தீர்க்க முடியாது. காலை ஒருவர், மாலை ஒருவர் என்று முதல்நாள் இரவே சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுவது நல்லது. புண்பட்ட விலங்கு கிடைக்கும் வரை அடுத்தவர் முறை தொடங்காது என்பதும் பேசிவைக்க வேண்டிய ஒன்று. நால்வர் போனால் இரண்டு பி.எச். வைத்துக்கொண்டு, ஜோடியைத் தினம் மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஆள் எப்போதும் வாய்ப்புள்ள பக்கமே போகிறார் என்ற மனத்தாங்கலுக்கு அது மருந்து.

துப்பாக்கி விஷயத்தில் அனுபவசாலிகள் சொல்வது ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது: ஏற்கெனவே கைக்குப் பழகியதைக் கொண்டுவா. .308, .30-06 ஆகிய இரண்டு தோட்டா அளவுகளும் சமவெளி விலங்குகள் அனைத்துக்கும் போதும். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் எருமை வரை தாங்கும். ஆனால் அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர் கையில் அதனால் பயனில்லை. பயிற்சியில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஊர்க் களத்தில் மேசைமேல் மணல்மூட்டை வைத்துக் குறி பார்த்தவருக்கு, ஆப்பிரிக்காவில் மேசை கிடையாது. முட்புதருக்கு மேலே பார்க்க நின்றுகொண்டுதான் சுட வேண்டும். தாங்குவதற்கு மூன்று கால் கொண்ட மரக்கோல்கள் இருக்கும், 'ஸ்டிக்ஸ்' என்பார்கள். வீட்டில் மூன்று மூங்கில் கழிகளை ரப்பரால் கட்டி, அதன்மேல் வெற்றுத் துப்பாக்கியை வைத்து எடுத்துப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

கைத்துப்பாக்கியைத் தவிர மற்றதைக் கொண்டு வருபவருக்குத் தற்காலிக அனுமதி, விண்ட்ஹுக்கின் ஹோசேயா குடாகோ விமான நிலையத்திலேயே காவல் துறையிடம் கிடைக்கும். வரிசை எண்ணும் தோட்டா அளவும் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்க்காமல் தனிப் பூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். விமானங்கள் ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை. வழியில் வேறு நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் பண்ணையிலேயே துப்பாக்கியை வாடகைக்கு எடுக்கிறார்கள். முதல்முறைக்கு அது புத்திசாலித்தனம்.

மே முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு போய் இறங்குபவர்கள், திறந்த வண்டியின் பின்னால் விடியற்காலையில் பல் தந்தியடிக்க நிற்கிறார்கள். கலஹாரி விளிம்பில் இரவு வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும், நண்பகலில் வியர்க்கும். அடுக்கடுக்காய்ப் போட்டுக் கழற்றும் உடையே சரி. முள்ளுக்கு ஈடுகொடுக்கும் கால்சட்டை வேண்டும். 'வாக் அ பீக்கி' என்று ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஒரு மரம். 'கொஞ்சம் நில்' என்று பொருள். நம் ஊர் இலந்தைக்குப் பங்காளி. ஒரு முள் நேராகவும் இன்னொன்று கொக்கியாகவும் ஜோடியாய் இருப்பதால், மாட்டிக்கொண்டவர் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது.

பண்ணையில் முதல் வேலை குறி சரிபார்ப்பு. விமானத்தில் அடிபட்ட ஸ்கோப் இம்மியளவு நகர்ந்திருந்தாலும் நூறு மீட்டரில் தெரிந்துவிடும். அட்டைமேல் சுடச்சொல்லிப் பி.எச். பார்ப்பது துப்பாக்கியை மட்டுமல்ல. ஆள் எப்படி மூச்சுவிடுகிறார், சுட்ட கையோடு அடுத்த தோட்டாவை ஏற்றுகிறாரா, பாதுகாப்புப் பூட்டை மறக்கிறாரா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். எந்த நண்பரை எவ்வளவு தூரத்திலிருந்து சுடவிடலாம் என்ற முடிவு அங்கேயே அவர் மனதில் எழுதப்பட்டுவிடும்.

மறுநாள் இருட்டோடு 'பக்கி' புறப்படும். பின்னால் நிற்க இடம் வைத்த சிறு லாரிக்கு அங்கே அந்தப் பெயர். தடம் பார்ப்பவர் மேலே நிற்பார். பல பண்ணைகளில் அவர் சான் இனத்தவராகவோ தாமரா இனத்தவராகவோ இருப்பார். உண்மையில் வேட்டையாடுபவர் அவர்தான். குளம்புத் தடத்தின் ஓரம் இன்னும் உதிராமல் கூர்மையாக இருக்கிறதா, அதன்மேல் இரவுப் பனி விழுந்திருக்கிறதா, சிறு வண்டு நடந்த கோடு தடத்தைக் குறுக்கே வெட்டுகிறதா என்று பார்த்து, மணிக் கணக்குச் சொல்லிவிடுவார். வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் நடக்கத் தொடங்கும்போது, பி.எச். பையிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்துத் தட்டுகிறார். உள்ளே சலித்த அடுப்புச் சாம்பல். புகைபோல எழுந்து அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமிருந்துதான் விலங்கை நெருங்க வேண்டும்.

கூடூவுக்குச் 'சாம்பல் ஆவி' என்று வேட்டைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண் கூடூ இருநூறு, இருநூற்றைம்பது கிலோ எடை இருக்கும். முறுக்கிய கொம்புகள் இரண்டரைச் சுற்று போகும். அவ்வளவு பெரிய உடம்பு, சாம்பல் நிறமும் மெல்லிய வெள்ளைக் கோடுகளுமாய், இலையில்லாத முட்காட்டில் இருபதடி தள்ளி நின்றாலும் புலப்படாது. புதியவர் கண் முழு விலங்கைத் தேடும். தடம் பார்ப்பவர் கண் ஒரு காதின் அசைவை, கிளைபோலத் தெரிந்து கிளையாக இல்லாத ஒரு கொம்பு நுனியைத் தேடும். அவர் விரல் நீட்டிய திசையில் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் 'ஆமாம்' என்று தலையாட்டுவது முதல்நாள் எல்லோரும் செய்வது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வதுதான் முறை.

ஸ்டிக்ஸ் விரிகிறது. துப்பாக்கி அதன்மேல் உட்கார்கிறது. ஸ்கோப்பின் வட்டத்துக்குள் குறுக்குக் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும். நெஞ்சுத் துடிப்பின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாவல். பழகியவர்களுக்கும் இந்த நடுக்கம் வரும், அடங்க நேரம் குறைவு, அவ்வளவுதான். விலங்கு பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்து மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்தினால் இதயத்தின் மேல்பகுதியும் நுரையீரலும் அங்கே இருக்கும். மான்வகைகளின் இதயம் ஆப்பிரிக்காவுக்குப் புதியவர் நினைப்பதைவிடக் கீழே, தோள்களுக்கு நடுவே இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நடுவயிற்றை நோக்கிச் சுடுபவர்கள் அன்றைய பொழுதைத் தடம் தேடியே கழிப்பார்கள்.

வெடிச்சத்தத்துக்குப் பின் ஒரு கணம் கழித்து, ஈரச் சாக்கில் கட்டையால் அடித்தது போல 'தப்'பென்று ஓர் ஒலி திரும்பி வரும். குண்டு பட்டதற்கு அடையாளம் அது. நெஞ்சில் பட்ட விலங்கு பெரும்பாலும் துள்ளியெழுந்து கண்மண் தெரியாமல் ஓடும். உடனே பின்னால் ஓடக் கூடாது. அடுத்த தோட்டா ஏறியாயிற்றா என்று பி.எச். பார்ப்பார். பிறகு அது நின்ற இடத்துக்குப் போய்த் தரையைப் படிப்பார்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். நூறு மீட்டருக்குள் கிடைத்துவிடும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். சற்றுப் பொறுக்க வேண்டும். பச்சையாக இரைப்பைச் சாறு கலந்திருந்தால் யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அரை மணியோ அதற்கு மேலோ உட்கார்ந்துவிட்டு, நாயைக் கொண்டுவந்து, மாலைவரை நடக்கத் தயாராவார்கள். ஒரு வேட்டைக்காரரின் தரம் இந்த இடத்தில்தான் தெரியும். புண்பட்டு மறைந்த விலங்கைப் 'போனால் போகிறது, பணம் கட்டிவிடுகிறேன்' என்று விட்டுவிடத் துணிபவரைப் பி.எச். அதற்குப் பிறகு மதிப்பதில்லை. கெம்ஸ்பொக்கானால் கூடுதல் எச்சரிக்கை: ஈட்டிபோல நேரான அதன் கொம்புகளால், படுத்துக் கிடக்கும்போதும் ஆளைக் குத்த முடியும். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்பு மெலிந்து, பெரும்பாலும் நீளமாக இருக்கும்.

விழுந்ததும் கூச்சலும் குதிப்பும் இல்லை. 1884 முதல் 1915 வரை ஜெர்மானியர் ஆண்ட நிலம் இது. ஜெர்மன் வழிவந்த குடும்பங்களின் பண்ணைகளில் ஒரு சடங்கு இன்றும் நடக்கிறது. பக்கத்து மரத்தில் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து, செத்த விலங்கின் வாயில் வைக்கிறார்கள்: அதற்கான கடைசிக் கவளம். இன்னொரு சிறு கிளையை அதன் ரத்தத்தில் தொட்டுப் பி.எச். நீட்ட, சுட்டவர் வாங்கித் தொப்பியில் செருகிக்கொள்கிறார். 'வைட்மான்ஸ்ஹைல்' என்பார் ஒருவர். 'வைட்மான்ஸ்டாங்க்' என்று மற்றவர் நன்றி சொல்வார். அந்த ஒரு நிமிடம் யாரும் செல்போனை எடுப்பதில்லை. புகைப்படம் அதற்குப் பிறகுதான், அதுவும் ரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே தள்ளி, விலங்கை மரியாதையாக உட்கார்த்திய பின்.

முகாமில் தோலுரிப்பவரின் கொட்டகைக்குள் வந்ததும் நேரம் முக்கியம். வெயில் ஏறுவதற்குள் தோலை உரித்து, முகத்தோலில் உதடு, கண்ணிமை, காதுவரை சதையை மழித்து, அங்குலம் விடாமல் உப்பை அழுத்தித் தேய்க்கிறார். உப்பு படாத இடத்தில் முடி உதிர்ந்துவிடும். எவ்வளவு பெரிய கைக்காரராலும் அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. ரூஸ்வெல்ட் நான்கு டன் சுமந்து போனது இதற்காகத்தான்.

இறைச்சி நிலத்துக்காரருக்கு அல்லது சமூகத்துக்குச் சேரும். வேட்டைக்காரர் ஊருக்கு எடுத்துப் போவதில்லை. அன்றிரவு ஈரலை வெங்காயத்தோடு வதக்கி முதல் உணவாகத் தருவார்கள். முதுகுச்சதை ஒட்டகமுள் மரத்தின் தணலில் வாட்டப்படும். மிச்சத்தில் ஒரு பங்கு நீளவாக்கில் அறுக்கப்பட்டு, வினிகரில் நனைத்து, உப்பும் மிளகும் வறுத்து இடித்த கொத்தமல்லி விதையும் தடவி, நிழலில் தொங்கவிடப்படும். அது பில்டாங், நம்மூர் உப்புக்கண்டத்துக்குத் தூரத்து உறவு. மல்லி வாசனை அடித்ததும் தமிழ் மூக்கு அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

அப்புறம் வருவதுதான் அளவு நாடா. கொம்பின் முறுக்கைத் தொடர்ந்து அடியிலிருந்து நுனிவரை இழுத்து, அடிச்சுற்றையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ரௌலண்ட் வார்ட் என்ற லண்டன் பாடம் செய்பவரின் பெயரில் 1892-ல் தொடங்கிய பதிவேடு, அமெரிக்காவின் சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் வைத்திருக்கும் பதிவேடு என்று பெயர் ஏற இடங்கள் உண்டு. இரண்டின் கணக்கும் வேறு வேறு. நல்ல பி.எச். பலர், குழுவில் முதல்முறைக்காரர்கள் இருந்தால் நாடாவை வெளியே எடுப்பதே இல்லை. கேட்டால், 'கிழடு, பல் தேய்ந்துவிட்டது, எடுக்க வேண்டிய விலங்குதான்' என்று வேறொரு அளவுகோலைக் காட்டுவார்கள். அது சமாளிப்பு அல்ல. நுனி தேய்ந்து மழுங்கிய கொம்போடு, மந்தையை விட்டு ஒதுங்கித் திரியும் கிழட்டுக் காளையைத் தேடிச் சுடுவதே கடினம். நீளத்தில் அது இளங்காளையிடம் தோற்றுப் போகலாம். ஹெமிங்வேக்கும் தாம்ப்சனுக்கும் நடுவில் நின்ற பெர்சிவலுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

பயணம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பினாலும் தலைகள் திரும்ப மாதங்கள் ஆகும். பாடம் செய்யும் கலையில் ஒருகாலத்தில் மைசூரின் வான் இங்கன் குடும்பம் உலகப் புகழ்பெற்றிருந்தது. தென்னிந்தியக் காடுகளின் புலிகளும் காட்டெருதுகளும் அங்கே போய்த்தான் அரண்மனைச் சுவர்களுக்குத் திரும்பின. இன்று விண்ட்ஹுக்கில் அந்த வேலைக்குத் தனிப் பட்டறைகள் உண்டு. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அங்கேயே முழுதாகப் பாடம் செய்து அனுப்பச் சொல்லலாம், அல்லது கிருமிநீக்கம் மட்டும் செய்து உப்புத்தோலும் மண்டையோடுமாக அனுப்பச் சொல்லி ஊரில் வேலையை முடித்துக்கொள்ளலாம். ஏற்றுமதி அனுமதியும் கால்நடை மருத்துவச் சான்றும் இல்லாமல் எதுவும் நகராது. ஹார்ட்மன் மலை வரிக்குதிரையின் தோலுக்குப் பன்னாட்டு வாணிப உடன்படிக்கையான சைட்டீஸின் அனுமதியும் வேண்டும். போய்ச் சேரும் நாடு எதை உள்ளே விடும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சுட்ட பிறகு விசாரித்துப் பயனில்லை.

நண்பர்கள் செலவைக் குறைக்க எல்லாத் தலைகளையும் ஒரே மரப்பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்வது வழக்கம். அங்கேதான் கடைசிக் கவனம் தேவை. கொட்டகையில் இருக்கும்போதே ஒவ்வொரு கொம்பிலும் மண்டையோட்டிலும் தோலிலும் சுட்டவர் பெயரும் எண்ணும் பொறித்த தகடு கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். காட்டில் பார்த்தபோது ஒவ்வொரு கூடூவும் தனித்தனி ஆளாகத்தான் தெரியும். கொதிக்கவைத்து வெளுத்த பின் இரண்டு மண்டையோடுகளை அருகருகே வைத்தால், எது யாருடையது என்று சுட்டவராலேயே சொல்ல முடியாது.